கல்லூரியிலும் தொடர்வீர்களா?

இலையுதிர் காலம் வந்துவிட்டால் லொரெட்டா பிரூயிட்டை யாரும் நெருங்க மாட்டோம். அமெரிக்காவின் ஒஹையோவில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. பக்கத்து மேசை என்னுடையது. பாடத்துக்கு வெளியே என்னென்ன செய்தாய் என்று விண்ணப்பம் கேட்கும். அதற்குப் பிள்ளைகள் எழுதுவதைப் படித்துப் படித்தே அவளுக்கு முடி நரைத்தது.

"இதைப் பாருடி! கைல் நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறானாம். 'விலங்கு நலச் சேவை'ன்னு எழுதியிருக்கான். இருக்கிறது ஒரே நாய். அதுவும் அவனோடது!"

அடுத்தது டெஸ் ஹாலண்டர். அவளுடைய பக்கம் வெறுமையாக இருந்தது. முழு உதவித்தொகை தரும் ஒரே கல்லூரிக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அது தவறினால் அவள் படிப்பு அதோடு முடிந்தது. லொரெட்டா அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"ஸ்கூல் விட்டா என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல, மிஸ்ஸஸ் பிரூயிட். வீட்டுக்குப் போவேன்."

லொரெட்டா பென்சிலை வீசினாள். டெஸ்ஸின் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. வங்கி, ஆஸ்பத்திரி, கார் மெக்கானிக் என்று எல்லா இடத்திலும் அவர்களுக்காகப் பேசுவது இவள்தான். ஊருக்கே தெரியும்.

"அதை எழுதேன், கண்ணு!"

"எங்கம்மாவோட பேசறது ஒரு சாதனையா? கைல் அவங்கம்மாவோட பேசறதை எழுதினானா?"

"அவன் நாயோட நடந்ததையே எழுதிட்டான்!"

டெஸ் அசையவில்லை. பொறுமையிழந்த லொரெட்டா தானே கணினியில் தட்டினாள்: 'காது கேளாத பெற்றோரைப் பராமரிக்கிறாள்.' ஒரு நகல் எடுத்து, வீட்டில் காட்டு என்று கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலை புயல் வந்தது. டெஸ்ஸின் அம்மா மார்லீன், கேக் கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். பின்னால் டெஸ். சைகை மொழியில் மார்லீனின் விரல்கள் காற்றைக் கிழித்தன.

"அம்மா... கொஞ்சம் வருத்தப்படறாங்க" என்றாள் டெஸ்.

மார்லீன் மேசையில் ஓங்கி அறைந்தாள். மகளின் உதட்டைப் படிக்க அவளுக்குத் தெரியாதா?

"சரிம்மா, சரி! 'யாரு யாரைப் பராமரிக்கிறது? இவ உள்ளாடை வரைக்கும் நான்தான் துவைக்கிறேன். உனக்கு மூளை இருக்கா?'ன்னு கேக்கறாங்க."

"அப்போ என்னதான் எழுதித் தொலைக்கிறது?" லொரெட்டா கத்தினாள். "இதோ, இப்போ நின்னு பண்றாளே, இதுக்கு என்ன பேரு?"

மார்லீன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். விரல்கள் தணிந்து அசைந்தன.

"மொழிபெயர்ப்பாளர்னு போடச் சொல்றாங்க" என்றாள் டெஸ், எங்கோ பார்த்துக்கொண்டு.

லொரெட்டா திருத்தினாள். அதன் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. கல்லூரியிலும் இதைத் தொடர்வீர்களா? ஆம். இல்லை.

அங்கேதான் டெஸ் உடைந்தாள்.

"இதுக்குத்தான் எழுத மாட்டேன்னேன்! இல்லைன்னு போட்டா, இவங்களை விட்டுட்டுப் போறேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. ஆமான்னு போட்டா, நான் எப்படிப் போறது?"

வாய் சொன்னதையே அவள் கைகளும் சொல்லிவிட்டன. பழக்கதோஷம்.  மார்லீன் விரல்களால் மெதுவாக ஏதோ சொன்னாள். டெஸ் அதை எங்களுக்குச் சொல்லாமல் விம்மினாள்.

"என்ன சொல்றாங்க? எனக்கும் சொல்லேன்டி!" என்றாள் லொரெட்டா.

"'நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நாங்க வீடு வாங்கினோம், கார் வாங்கினோம். யாரு பேசினா எங்களுக்கு?'ன்னு கேக்கறாங்க. இது வேலைன்னு எழுதியாச்சு இல்ல... வேலையை ராஜினாமா பண்ணலாமாம்."

மார்லீன் லொரெட்டாவின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி, 'இல்லை'யை அழுத்தினாள். பிறகு மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். டெஸ்ஸின் கன்னத்தில் மாவு ஒட்டியது.

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பண்றேன்னு இன்னும் போடலையே!" என்று எரிந்து விழுந்தாள் லொரெட்டா, என் மேசையிலிருந்த டிஷ்யூவை எட்டி எடுத்தபடியே.