அம்மா வேண்டிக்கொண்ட வாழைத்தார்

ஹாம்பர்க்கில் வாழைப்பழத்தை ஒற்றையாக வாங்கலாம். சீப்பிலிருந்து ஒன்றைப் பிய்த்துத் தராசில் வைத்தால் யாரும் முறைப்பதில்லை. போன புதிதில் ஏதோ திருடுகிறவள்போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே பிய்ப்பேன். முழுத் தாரை அந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை. போன வாரம் திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு தாரை வாங்கி ஆட்டோவில் ஏற்றும்போது என்னையறியாமல் அழுதுவிட்டேன். "வெயிட்டா இருந்தா சொல்லுங்க, நான் தூக்குறேன்" என்றார் ஆட்டோக்காரர்.

அந்தத் தார் அம்மாவின் வேண்டுதல். கொரோனா வந்தபோது நான் வயிற்றுப்பிள்ளைக்காரி. பிரசவத்துக்கு அம்மா ஹாம்பர்க் வருவதாக ஏற்பாடு. விசா வந்தது, டிக்கெட் போட்டாயிற்று, ஸ்ரீரங்கத்து வீட்டில் பெட்டியும் கட்டியாயிற்று. துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட தன் பருத்திப் புடவைகளைக் கிழித்து, பிள்ளையைச் சுற்றுவதற்கென்று மடித்து வைத்திருந்தாள். பிறகு விமானங்கள் நின்றன. "இன்னைக்கு விடுவாங்க, நாளைக்கு விடுவாங்க" என்று அப்பா டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். என் வயிறு யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அம்மா மலைக்கோட்டைத் தாயுமானவரைப் பிடித்துக்கொண்டாள். காவிரி வெள்ளத்தால் தாய் அக்கரையில் மாட்டிக்கொள்ள, இக்கரையில் வலியில் துடித்த மகளுக்கு, அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்த சாமி. சுகப்பிரசவம் ஆனால் அவருக்கு வாழைத்தார் வைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

"உனக்கும் வருவாரு, பாரு."

"அவருக்கு யாரும்மா விசா குடுப்பா?" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வலி எடுத்த அன்று என் கணவருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். உள்ளே எனக்கு இருந்தது ஒரு ஹெபாமே மட்டும். பிரசவம் பார்க்கிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். தலைமுதல் கால்வரை அங்கி, முகத்தில் மாஸ்க். பெயர் அட்டைகூட அங்கிக்குள் போய்விட்டது. நான் "அம்மா, அம்மா" என்று கத்தியதும் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகு, மகள் பிறக்கும்வரை, கையுறை போட்ட கையால் என் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். தாய் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தக் கையின் அருமை தெரியும்.

"கூட யாரு இருந்தா?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"ஒரு அம்மாதான். முகம் தெரியல, எல்லாம் மூடியிருந்தாங்க."

"அப்ப அவரேதான்." அவளுக்குச் சந்தேகமே இல்லை. "நீ வா. சேர்ந்து போயி தார் வைப்போம்."

கதையில் வெள்ளம் வடிந்ததும் தாய் வந்துவிடுகிறாள். எங்களுக்கு இரண்டாவது அலை வந்தது. அம்மாவை முழுசாகச் சுற்றித்தான் வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றியவர்களும் மூடித்தான் இருந்தார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் போனில் பார்த்தேன். முகத்தைக் காட்டச் சொன்னேன், அப்பாவுக்கே காட்டவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை. அம்மா இல்லாத வீட்டுக்கு வர மனசு வராமல் பயணத்தைத் தள்ளிக்கொண்டே போனேன்.

இப்போது வந்து தாரை வைத்தாயிற்று. மகள் மலைக்கோட்டைப் படிகளில் எனக்கு முன்னால் ஓடினாள். குருக்கள் திருப்பிக் கொடுத்த பழங்களில் ஒன்றை வீட்டில் அம்மா படத்தின் முன்னால் வைத்தேன். நாளை விமானம். இன்னொன்றை நான் கைப்பையில் வைப்பதை அப்பா பார்த்தார்.

"அது யாருக்கும்மா?"

"பிரசவம் பார்த்தவங்களுக்கு."

"பேரு என்ன?"

"தெரியாதுப்பா. இப்ப மாஸ்க்கும் கழட்டியிருப்பாங்க. எதிர்ல வந்தாக்கூட எனக்குத் தெரியாது."

"போறதுக்குள்ள கறுத்துடுமே" என்றார். பிறகு பரணிலிருந்து அம்மாவின் பெட்டியை இறக்கினார். இத்தனை வருஷமும் அது பிரிக்காமலே இருந்திருக்கிறது. அம்மா மடித்து வைத்த துணியில் ஒன்றை எடுத்து, பச்சைப்பிள்ளையைச் சுற்றுவதுபோல, முகத்தை மட்டும் மூடாமல், அந்தப் பழத்தைச் சுற்றி என் கையில் கொடுத்தார்.