கண் வைக்காத முகம்

தென்காசியில் நான் கணினிச் சிற்பம் சொல்லிக்கொடுத்த வகுப்புக்கு, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் வந்தார். விறைப்பாக உட்கார்வார். மவுஸைத் தொடுமுன் கையைத் துண்டில் துடைத்துக்கொள்வார். இறந்துபோன மகளின் முகத்தைத் திரையில் செய்துகொண்டிருந்தார். உதட்டு மச்சம் அப்படியே வர வேண்டுமென்று எடுத்த எடுப்பிலேயே நுணுக்க அளவான ரெசல்யூஷனைக் கூட்டியதில், கன்னமெல்லாம் மேடுபள்ளமாகிவிட்டது. கணினியும் திணறியது.

“குறைங்க அண்ணாச்சி. முதல்ல உருவம் வரட்டும், மச்சம் பிறகு வைக்கலாம்.”

“குறைச்சா அவ போயிருவாளே தம்பி?”

தயங்கித்தான் குறைத்தார். கண்ணும் மச்சமும் மறைந்து, மொழுக்கென்று ஒரு தலை நின்றது. அதையே வெகுநேரம் பார்த்தார்.

“குற்றாலத்துச் சாரல்ல தூரத்துல நடந்து வாறப்ப இப்படித்தான் தெரிவா. இது போதும்.”

அதன்பிறகு அவர் வரவில்லை. சில நாள் அந்த உருவத்தைத் திறந்துவைத்து, தள்ளி நின்று பார்ப்பேன். எனக்கு யாரும் தெரிவதில்லை.