ஆற்றுப் பாட்டில் இல்லாத பெயர்கள்

எம்பண்டாக்கா படகுத்துறையில் புகைமீன் விற்கும் பொலும்புவுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் துருவித் துருவிக் கேட்பாள். எந்த ஓடையில் பிடித்தது, எந்த விறகில் வாட்டியது, வாட்டியவன் ஏன் இப்படி இளைத்துப்போனான் என்றெல்லாம் கேட்டு முடிக்காமல் ஒரு கெளுத்தியைக்கூட வாங்க மாட்டாள். "உன் வாய்க்குப் பூட்டு எங்கக்கா விக்கும்?" என்று தங்கை எகிலா சீண்டுவாள்.

போன மழைக்காலத்தில் முதலாளி லொஃபெம்பாவின் படகு ஆற்றில் கவிழ்ந்து நாற்பத்திரண்டு பேர் போனார்கள். எகிலாவும் போய்விட்டாள். அவளோடு போயிருந்த பொலும்புவின் நான்கு வயது மகள் சாம்பாவை மட்டும் ஒரு மீனவன் தன் தோணியில் ஏற்றிக் கரைசேர்த்தான். பிள்ளை எப்படிப் பிழைத்தது என்று அவனிடம் நான்கு தடவை கேட்டாள் பொலும்பு. அவன் சொன்னதை அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சாம்பா முற்றத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கி அசைத்து, இடுப்பை நெளித்து, அப்படியே தரையில் அமுங்கினாள்.

"யாருடி சொல்லிக்குடுத்தா இத?"

"எல்லாரும் ஆடுறாங்கம்மா. தண்ணிப் பாட்டு."

பொலும்பு பிள்ளையின் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். எதிர் மதுக்கடையில் போய் நின்று, அந்தப் பாட்டை முதலிலிருந்து மூன்று தடவை போடச்சொல்லிக் கேட்டாள். 'ஆறே, உனக்கென்ன இத்தனை பசி' என்று ஒரு ஒப்பாரி. அறுபது பேர் படகில் நூற்றைம்பது பேரை அடைத்த கதை அதில் இல்லை. பழி முழுக்க ஆற்றின் தலையில். பிறகு கித்தார் வேகமெடுக்கிறது, எல்லாரும் கையைத் தூக்கி அமுங்குகிறார்கள், நடுவில் ஒருவன் பெயர்களைக் கூவுகிறான். சிமெண்டு வியாபாரி, சுங்க அதிகாரி, கடைசியில் 'ஏழைகளின் தகப்பன் லொஃபெம்பா'! கல்யாண வீடென்றால் மாப்பிள்ளை, எழவு வீடென்றால் பிணம். எங்கேயும் மாலை தன் கழுத்தில்தான் விழவேண்டும் சில பேருக்கு. செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

அது ஏன் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்குமா? பெயர் கூவுகிற எம்பியாவை வீடு தேடிப் போய்ப் பிடித்தாள். அவன் வாசலில் உட்கார்ந்து சட்டை துவைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் பாட்டுல என் தங்கச்சி பேரு ஏன் இல்ல?"

"காசு குடுத்தவங்க பேரத்தானேக்கா கூவுவோம். இன்னைக்கு நேத்தா நடக்குது இது? செத்தவங்க யாரும் வந்து குடுக்கலையே."

"யாரு குடுத்தாலும் கூவுவியா?"

"உங்க வீட்டு ஆட்டுக்குக் குடுங்க, அதையும் கூவுறேன்." சிரித்தான். "கூவினா அவங்க எழுந்து கை காட்டணும். அது ஒண்ணுதான் சட்டம்."

"சரி தம்பி" என்று வந்துவிட்டாள். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அவள் மண்டைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் துறைமுக மதுக்கடையில் கச்சேரி. முன் மேசையில் லொஃபெம்பா. தண்ணிப் பாட்டு தொடங்கியதும் அவன் பெயர் வந்தது. எழுந்து கை காட்டினான், கைதட்டல். அப்போது பொலும்புவோடு மீன் விற்கும் பெண் ஒருத்தி மேடையேறி, கச்சேரி வழக்கப்படி எம்பியாவின் வேர்த்த நெற்றியில் ஒரு நோட்டை ஒட்டிக் காதில் ஏதோ சொன்னாள்.

"பொயெங்கா அம்மா! எங்க இருக்கீங்க? எழுந்து கை காட்டுங்க!"

யாரும் எழவில்லை. அடுத்தவள் ஏறினாள், இன்னொரு நோட்டு.

"தச்சர் இலங்கா! எழுந்து கை காட்டுங்கண்ணே!"

யாரும் எழவில்லை. மூன்றாவது பெயருக்குச் சிலர் சிரித்தார்கள். ஐந்தாவதற்குச் சிரிப்பு நின்றது. எட்டாவது பெயரைக் கூவும்போது எம்பியாவின் குரல் உடைந்தது. கித்தார்காரன் கையை எடுத்துவிட்டான். லொஃபெம்பா மேசைக்கடியில் செருப்பைத் தேடினான்.

ஒன்பதாவதாகப் பொலும்பு ஏறினாள். எம்பியா அவள் கையைத் தடுத்தான்.

"காசு வேணாம்க்கா. இன்னும் எத்தன பேரு?"

"முப்பத்திநாலு."

அவன் மைக்கை அவளிடமே கொடுத்தான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய கையோடு அப்படியே நின்றார்கள். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"எகிலா. என் தங்கச்சி. அவளும் கையத் தூக்கித்தான் வெச்சிருந்தா. ஆடுறதுக்கு இல்ல. அந்தக் கையில என் புள்ள இருந்துச்சு. தோணிக்காரரு புள்ளைய வாங்கின பிறகுதான் கை உள்ள போச்சு."

ஒவ்வொரு கையாகக் கீழே இறங்கியது. பொலும்பு அடுத்த பெயரைச் சொன்னாள்.