ஆறு வீடுகளில் நானூறு சட்டைகள்

மழைக்காற்றில் கூரைத் தகடு பெயர்ந்து விழுந்தபோது, நல்லவேளை, கொட்டகையில் யாரும் இல்லை. நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அண்ணனின் அட்டைப்பெட்டிப் பட்டறை, இந்தப் பக்கம் தங்கையின் தையல்கூடம். இரண்டும் ஒன்றாக நனைந்தன.

பார்க்க வந்தவர்கள் அண்ணனிடம், "சிங்கம்டா நீ, எழுந்துடுவே" என்றார்கள். தடுப்பைச் சுற்றி வந்து அவளிடம், "போதும்மா, இனியாவது வீட்டைப் பாரு" என்றார்கள்.

சிங்கம் வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்துக்கொண்டது.

அவளுக்குப் படுக்க நேரமில்லை. பத்து நாளில் பள்ளி திறக்கிறது. நானூறு சீருடைச் சட்டைகள் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை கைமாறிவிடும். அது போனால் தையல்கூடமே இல்லை.

மகள் பிறந்ததிலிருந்து அவள் ஒரு நாளும் முழுசாகத் தைத்ததில்லை. காய்ச்சல், மாமியாரின் மூட்டுவலி, பள்ளியில் கூட்டம் என்று பாதியில் எழுந்து ஓடுவாள். அதனால் வெட்டிய துணியை அளவுவாரியாக மூட்டை கட்டி, 'கை தைத்தாச்சு, காலர் பாக்கி' என்று பென்சிலில் சீட்டெழுதிச் செருகிவிட்டுத்தான் கிளம்புவாள். மழையில் பென்சில் எழுத்து அழியவில்லை. துணியை அலசிக் காயவைத்து, வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த ஆறு பெண்களிடம் மூட்டைகளைக் கொடுத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சீட்டைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தைத்தார்கள்.

நாலாம் நாள் அண்ணன் அவள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். அவன் பெட்டி அளவெல்லாம் அவன் தலைக்குள்தான்; எழுதி வைக்காததால் வேறு யாரிடமும் வேலையைக் கொடுக்க முடியவில்லை.

"பொம்பளைங்களுக்கு மனசு கல்லுதான் போல."

"கல்லாவது மண்ணாவது. என் வேலை தினமும் பாதியில நின்னிருக்கு, அண்ணே. உனக்கு இதான் முதல் தடவை."

"நான் யார்கிட்டயும் போய் நின்னதில்ல."

"நான் நிக்காத வாசலே இல்ல. வெட்கப்பட்டா புள்ளைய யார் கூட்டிட்டு வருவா? சும்மா இருக்காம பொத்தான் தை."

தைத்தான். தைத்த மூட்டையைக் கொடுக்க வந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, உங்க சட்டையையும் சேத்துத் தைக்கிறீங்க."

அவன் சிரித்தான். நாலு நாளில் முதல் சிரிப்பு.

ஒன்பதாம் நாள் அவன் வண்டியிலேயே நானூறும் போய்ச் சேர்ந்தன. எண்ணி முடித்த பள்ளி எழுத்தர், "அடுத்த வருஷம் பாவாடையும் நீங்களே தைங்க" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வண்டியில் ஏறிய பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பும் வழியில், போட்டிக்காரனின் பெட்டிப் பட்டறை முன்னால் அண்ணன் வண்டியை நிறுத்தினான்.

"என்னுது நனைஞ்சு ஓடல. அவன் மெஷினை ஒரு வாரம் கேக்கலாம்னு... எப்படிக் கேக்கறது?"

"முதல்ல தண்ணி கேளு. மெஷினை அப்புறம் கேக்கலாம்."

வண்டிக்குள்ளிருந்து பார்த்தாள். அண்ணன் செம்பை வாங்கிக் குடித்தான், ஏதோ சொன்னான். போட்டிக்காரன் பட்டறைக் கதவின் மறுபாதியையும் திறந்துவிட்டான்.