சித்தப்பாவின் குறட்டை

எங்கள் சித்தப்பா ரங்கூனில், பசுந்தாங் பேட்டையிலிருந்த அரிசி மில்லில் மிஷின் ஓட்டினார். அப்படி ஒரு சித்தப்பா வேறு யாருக்கு வாய்த்தார்! மாரியம்மன் திருவிழா நெருங்கினால் தூங்கவே மாட்டார். ஓயாமல் பாடுவார், தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பட்டம் வாங்குவார். அம்மன் இறங்கிவிட்டாள் என்று தெருவே கும்பிட்டுத் தீச்சட்டியை அவர் கையில் கொடுக்கும். திருவிழா முடிந்ததும் அதே மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், செத்தால் தேவலை என்பார்.

சித்தி மந்திரித்துப் பார்த்தாள், வேப்பிலை அடித்தும் பார்த்தாள். இன்னொரு தடவை படுத்தால் வேலை போய்விடும் என்று மேஸ்திரி சொல்லியனுப்பிய பிறகுதான் கியாக்டடாவிலிருந்த தமிழ் டாக்டரிடம் அவரை இழுத்துப்போனாள். பொடிசாக இருந்த நானும் ஒட்டிக்கொண்டேன்.

"படுக்கிறதுக்கு முன்னாடி எப்பிடி இருந்தாரு?" என்றார் டாக்டர்.

"தங்கமா இருந்தாருங்க! கண்ணே மூடாம அவ்வளவு சுறுசுறுப்பு!"

டாக்டர் நிமிர்ந்தார். "வருஷா வருஷம் இப்பிடித்தானா? அவங்கப்பாவுக்கும் இருந்துச்சா?"

"ஆமாங்க, மாமனாரும் இப்பிடித்தான்."

"அந்தச் சுறுசுறுப்பும் சீக்குதாம்மா. ஏறுறதும் இறங்குறதும் ஒண்ணுதான். அடியோட தீர்க்க மருந்து இல்ல. ஏற ஆரம்பிச்சதுமே கூட்டிட்டு வாங்க, தூங்க வைக்கிறேன்."

மறுவருஷம் சித்தப்பா பாட ஆரம்பித்தார். தெரு தீச்சட்டியோடு வந்தது. சித்தி வாசலை மறித்து நின்றாள்.

"அம்மன் இறங்கல, சீக்கு ஏறுது. எவனாவது உள்ள வந்தீங்க, அந்தச் சட்டியிலயே வறுத்துடுவேன்!"

ஐயையோ, சாமி குத்தம் என்று தெரு கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தி காதில் வாங்காமல் சித்தப்பாவை ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தாள். அப்புறம் வேளை தவறாமல் மருந்து, சாத்திய ஜன்னல், யாரும் உள்ளே போகக் கூடாது. கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் அழுதேன். அவள் பிசாசு, வேறென்ன!

முதலில் மருந்துக்குச் சீக்கு கட்டுப்படவில்லை. உள்ளே சித்தப்பா கத்தினார், வெளியே தெரு சிரித்தது. அப்புறம் ஒரு மத்தியானம் அறைக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. மில் சங்கையே தோற்கடிக்கும் குறட்டை! சித்தி அழுதாள், சிரித்தாள், வாசல் கதவை விரியத் திறந்து, "வந்து கேளுங்கடா!" என்று தெருவைக் கூப்பிட்டாள். பெரிய சட்டியில் கேசரி கிண்டி வீடு வீடாகக் கொடுத்தாள். சாமி குத்தம் என்றவர்களும் வாங்கித் தின்றார்கள். அந்த வருஷம் சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. சங்கு ஊதினால் தூக்குச்சட்டியோடு வேலைக்குக் கிளம்பினார்.

எனக்குத்தான் ஆத்திரம் தீரவில்லை. பாட்டுப் பாடுகிற சித்தப்பாவைத் தொலைத்துவிட்டுக் குறட்டை விடுகிற சித்தப்பாவுக்காக இவள் ஏன் இந்த ஆட்டம் ஆடுகிறாள் என்று, கேசரிச் சட்டியை வழித்துத் தின்றுகொண்டே திட்டினேன்.