காதோரம் சொன்ன பெயர்கள்

கல்யாண மண்டபங்களில் என் வீட்டுக்காரருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நான் நடப்பேன். எதிரே வருகிறவரின் பெயரை அவர் காதோரம் சொல்வது என் வேலை. "சாயப்பட்டறை டையிங் மாஸ்டர் சுப்பு. மக நர்சிங் படிக்குது" என்பேன். அவர் உடனே, "ஏனுங்க சுப்பு, பொண்ணு படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்பார். சுப்புவுக்கு முகம் மலர்ந்துவிடும். தலைவருக்குக் கம்ப்யூட்டர் மண்டை என்று அனுப்பர்பாளையம் பக்கம் முழுக்கப் பேச்சு. அந்த மண்டை என் கழுத்துக்கு மேல் இருந்தது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

அவர் இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவர். இப்போது கட்சியில் பகுதிப் பொறுப்பு. அவர் வெளியே சுற்ற, காலையில் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மனு வாங்குவது நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முதியோர் பென்சனுக்கும் குடிநீர் இணைப்புக்கும் மனு எழுதக் கற்றுக்கொண்டதே அந்த நாற்காலியில்தான்.

அன்று ஒரு வரவேற்பு. மதியத்திலிருந்தே பின்மண்டையில் வலி. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் கும்பிட்டபடி எங்களிடம் வந்தாள். அவளுடைய கண், மூக்கு, பொட்டு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. யாரென்று மட்டும் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். அந்த மண்டபத்தில் எனக்கு ஒருவரையும் தெரியவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். இருபது வருடப் பழக்கம் விடவில்லை. போன வாரம் கட்டிங் மாஸ்டர் மாரப்பனின் மனைவி இதே நிறத்தில் சேலை கட்டியிருந்தது நினைவுக்கு வர, "மாரப்பன் சம்சாரம்" என்று சொல்லிவிட்டேன்.

"வாம்மிணி. ஊட்டுக்காரரு எங்க? பந்திக்குப் போயிட்டாரா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவரு போயி ஆறு மாசமாச்சுங்க. நீங்கதான வந்து மாலை போட்டீங்க."

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. ருக்குமணி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். அவள் கணவர் நடராசு இறந்த அன்று நான்தான் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரில் அவர் கேட்டார். "என்ன அம்மிணி இப்பிடிப் பண்ணிட்ட?"

"தெரியலீங்க."

"அவ மூஞ்சிகூடவா தெரியல?"

"மூஞ்சி தெரிஞ்சுதுங்க. யாருன்னுதான் தெரியல."

இதை எப்படிப் புரியவைப்பது? எனக்கே புரியவில்லை.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனோம். நாங்கள் செய்த பெரிய தவறு அது. புதுக் கண்ணாடியில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது; ஆட்கள் தெரியவில்லை. ஐந்து நாட்கள் வீணாயின. உங்கள் வீட்டில் யாருக்காவது பார்வையோ பேச்சோ நினைவோ திடீரென்று மாறினால், அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

ஆறாம் நாள் காலை, சுடிதார் போட்ட ஒரு பெண் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். "உக்காரு கண்ணு. மனு கொண்டாந்திருக்கியா?" என்றேன். அவள் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அம்மா, நாந்தாம்மா."

விடுதியிலிருந்து வந்த என் மகள் கிருத்திகா. அன்று மாலை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் என்னை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் (காந்தத்தால் மூளையைப் படம் எடுக்கும் குழாய்) தள்ளினார்கள்.

மூளையின் பின்பகுதியில், வலது பக்கம், ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருந்தது. கையும் காலும் பேச்சும் தப்பின. எனக்கு வந்திருப்பது முகமறியாமை (கண் முகத்தைப் பார்க்கும், அது யாருடையது என்று மூளை சொல்லாது) என்றார் டாக்டரம்மா. பிறகு செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"இது யாருங்கம்மா?"

"மீசை வெச்சிருக்காரு. தோள்ல துண்டு. கட்சிக்காரரா இருப்பாருங்க."

அது என் வீட்டுக்காரரின் போஸ்டர். அவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "பரவால்ல அம்மிணி. ஓட்டுப் போடறப்ப சின்னத்தப் பாத்துப் போட்டுரு" என்றார். டாக்டரம்மாகூடச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் வெளியே போய் வெகுநேரம் திரும்பவில்லை.

"திரும்ப வருமுங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். குரல், நடை, கை இதையெல்லாம் வச்சுப் பழகுங்க" என்றார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. முகத்துக்கென்று மாத்திரை இல்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், கட்சிக்காரர் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "எலக்சன் வருதுங்க. இது வெளிய தெரிய வேண்டாம். தலைவரம்மாவுக்கு மூள கலங்கிருச்சுன்னு எதிர்க்கட்சிக்காரன் கௌப்பிவிட்டுருவான்."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ஒரு மாதம் மறைத்தேன். எல்லோரிடமும் ஒரே சிரிப்பு. எல்லோரிடமும், "வாங்க, ஊட்ல சௌக்கியமா?" பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் பொதுவாகக் கூப்பிட ஆரம்பித்தேன். என் வாசலிலேயே யாரோ பேசியது காதில் விழுந்தது. "எலக்சன் வர்றதுக்கு முன்னாலயே அம்மாவுக்கு ஆளு தெரியாமப் போச்சு பாரு." அவர்கள் சொன்னது அப்படியே உண்மை. ஆனால் அவர்கள் நினைத்தது தலைக்கனம் என்று. எழுந்து போய்ச் சொல்லவும் முடியவில்லை. யார் சொன்னதென்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

அதற்குமேல் தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ருக்குமணி வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கதவைத் திறந்தவளிடம், "ருக்குமணிதானே?" என்றேன்.

"இன்னுமா சந்தேகம்?" என்றாள். குரலில் காரம் இருந்தது.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேன், போஸ்டர், மகளிடம் மனு கேட்டது. அவள் நம்பினாளா என்று முகத்தில் தேடினேன். அதுவும் எனக்கு இப்போது சரியாகப் பிடிபடுவதில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

"நான் என்னமோ, எங்க ஊட்டுக்காரர எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நெனச்சுட்டனுங்க" என்றாள். பிறகு, "சரிங்க. இனிமேப்பட்டு நானே பேரச் சொல்லீட்டு வாறேன்."

டீயை வாங்கும்போது அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். நூல் வெட்டும் டிரிம்மரை அழுத்தி அழுத்திக் கட்டைவிரலில் காய்ப்பு. இத்தனை வருடம் முகத்தைப் பார்த்துப் பேசியதில் அந்தக் கையை நான் பார்த்ததேயில்லை.

அவள் வாய்வழியாகத்தான் ஊருக்குத் தெரிந்தது. கட்சிக்காரருக்குக் கோபம். எதிர்க்கட்சி என்ன சொன்னதோ, எங்கள் காதுக்கு வரவில்லை. வாசலுக்கு வருகிறவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். சிலருக்கு இது விளையாட்டு. "நான் யாரு, சொல்லுங்க பாக்கலாம்?" என்று நிற்பார்கள். சிலர் வருவதையே விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு கல்யாணங்களுக்குத் தனியாகப் போய், மூன்று பேரிடம் பெயர் தெரியாமல் முழித்துவிட்டு வந்தார். இப்போது அவரும் மக்களிடம் பெயர் கேட்கிறார்.

ஆறு மாதமாகிவிட்டது. மகளின் முகம் சில சமயம் சட்டென்று வருகிறது, போய்விடுகிறது. மண்டபத்துக் கண்ணாடியில் ஒரு அம்மா எதிரே வர, "வாங்கக்கா" என்று ஒதுங்கி வழிவிட்டேன். அவளும் ஒதுங்கினாள். முன்பு ஆட்கள் ஒரே நொடியில் முழுசாக வந்து சேர்வார்கள். இப்போது முதலில் செருப்புச் சத்தம் வருகிறது, பிறகு இருமல், சாய வாடை, கை. கடைசியில்தான் ஆள். என் நாள் நீண்டுவிட்டது.

போன வாரம் அதே மண்டபம். ஒரு பெண் பேசாமல் வந்து என் கையைப் பிடித்தாள். கட்டைவிரலில் காய்ப்பு.

"ருக்குமணியா?"

"இல்லீங்க. அவகூட வேலை செய்யறவ. நீங்க என்னைய இதுக்கு முன்னால பாத்ததே இல்லீங்க."

பக்கத்தில் என் வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்தார். "எனக்கும் தெரியல, அம்மிணி" என்றார்.

அவள் கையை விடாமல், "உம்பேரு என்ன கண்ணு?" என்று கேட்டேன்.