பெயருக்கு விட்ட இடம்

ஆனைக்குட்டம் முனியசாமியின் மகள் இசைவாணிக்குப் பிறந்த அன்றே மாப்பிள்ளை குறித்தாகிவிட்டது. முனியசாமியின் அக்கா ராமுத்தாய், சாத்தூரில் வாக்கப்பட்டவள். பிள்ளை பார்க்க வந்தவள், "என் மகன் தனுஷ்கோடிக்குத்தான் இவ. வேற எவனும் வாசல்ல வந்து நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். அக்காவுக்கு மறுபேச்சுப் பேசிப் பழகாதவர் முனியசாமி. பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற இடத்திலும் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

மகளை அந்த மருந்துப் பக்கம் விடாமல் வளர்த்தார். அவர் செய்த துணிச்சல் அது ஒன்றுதான். பன்னிரண்டாவது முடித்தவளைக் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார். அவளும் படித்துவிட்டு, இரண்டாயிரத்து ஆறில், சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற வேலைக்குப் போனாள்.

அச்சக முதலாளி மென்பொருளுக்குக் காசு கொடுக்கிறவர் இல்லை. இலவசமாகக் கிடைக்கிற ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். அது ஒரு கம்பெனியின் சரக்கு அல்ல. எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் கூடி எழுதியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். திருத்தம் சரியென்றால் சேர்த்துக்கொண்டு, திருத்தியவர் பெயரையும் போடுவார்கள். தமிழோடுதான் அதற்குத் தகராறு. வரி முடிகிற இடத்தில் 'கொ' வந்தால், கொம்பு மேல் வரியில் தனியாகத் தொங்கும், மிச்சம் கீழே இறங்கிவிடும்.

மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கையால் சரிசெய்தார்கள். இசைவாணி உள்ளே திறந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சாப்பாட்டு வேளைகளில் தூக்குச்சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் படித்து, வரியை ஒடிக்கிற இடம் எது என்று கண்டுபிடித்தாள். அதைத் திருத்தி எழுதி முடிக்க ஒரு வருசம் ஆனது. டிகிரி இல்லாதவளுக்காகப் பரிந்து பேச அந்த வேலை ஒன்றுதான் உண்டு. அதில் தன் பெயர் ஏறிவிட்டால், அதைக் காட்டி மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை கேட்கலாம் என்றிருந்தாள்.

அனுப்புவதற்கு இங்கிலீஷ் வேண்டும். தனுஷ்கோடி இஞ்சினியரிங் முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று சாத்தூர் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அவுக என்ன கேட்டாலும் எனக்குச் சொல்லுங்க மச்சான். நான் பதில் சொல்லுதேன், நீங்க இங்கிலீசுல எழுதுங்க."

"கமிஷன் எம்புட்டு?"

"இருக்கன்குடிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மொட்டை போட்டு விடுதேன்."

எழுதியவர் பெயரை, எழுதி அனுப்புவதன் முதல் வரியில் போடவேண்டும் என்பது அங்கே முறை. இசைவாணி அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். காலண்டர் வேலையில் அதுதான் பழக்கம். படமும் தேதியும் அச்சான பின்னும் பெயருக்கான இடம் வெறுமையாகவே இருக்கும். ஆர்டர் உறுதியான பிறகுதான் அங்கே கடைப் பெயர் ஏறும். இதையும் ஏற்றுக்கொண்ட பிறகு பெயர் கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர்கள் இன்னும் ஏற்காத வேலைக்கு முந்திக்கொண்டு பெயர் போட அவளுக்குக் கூச்சம்.

மென்பொருள்காரர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அவள் சொன்ன பதில்களைத் தனுஷ்கோடி பல வாரம் சலிக்காமல் எழுதினான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆடி மாதம், அடுத்த வருசத்து மாதிரிகளைக் கட்டிய காலண்டர் ஆல்பம் வெளியான கையோடு மென்பொருளின் புதுப் பதிப்பும் வந்தது. கொம்பு பிரியவில்லை. உழைத்தவர்கள் பட்டியலைத் திறந்தாள். 'தனுஷ்கோடி, சாத்தூர்' என்று இருந்தது.

அன்றைக்கே பஸ் ஏறிப் போனாள்.

"எடம் காலியா கெடந்துச்சு வாணி. பேரில்லாம எடுக்க மாட்டோம்னு எழுதுனாக. போட்டேன்."

"எம் பேரு மறந்தா போச்சு?"

"எழுதுனது நீ, சரி. அவுககூட மாசக்கணக்கா மல்லுக்கட்டுனது யாரு?"

"மாத்தச் சொல்லி எழுதுங்க. ஒரு வரிதான்."

"பெங்களூர் இண்டர்வியூல அதைக் காட்டித்தான் வேலை தாரோம்னு சொல்லியிருக்காக. இப்பப் போயி மாத்தச் சொன்னா, என்னையத் திருடன்னு நெனைக்க மாட்டாகளா?"

"நெனைச்சா?"

ராமுத்தாய் அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏட்டி, கட்டிக்கப் போறவன் பேருதான? நாளைக்கு ரேசன் கார்டுலயும் அவன் பேருக்குக் கீளதான உன் பேரு வரும்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். முனியசாமி கையில் ஒட்டிய மருந்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே, "பேரு அக்கா வீட்டுல இருந்தா நம்ம வீட்டுல இருக்க மாதிரிதான தாயி" என்றார்.

தனுஷ்கோடி பெங்களூர் போய்ச் சேர்ந்தான். நாலு மாதத்தில் அந்தத் திருத்தத்திலேயே ஒரு பிழை கிளம்பியது. சில எழுத்துகள் இரண்டுமுறை விழுந்தன. எல்லாரும் பார்க்கிற மின்னஞ்சல் குழுவில் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவனுக்குத் தெரிந்தால்தானே பதில் எழுத? இசைவாணி பார்த்தாள். தான் செய்த பிழைதான். சரிசெய்து, இந்த முறை முதல் வரியிலேயே தன் பெயரைப் போட்டு, தெரிந்த இங்கிலீஷில் அனுப்பினாள். உடனே எடுத்துக்கொண்டார்கள். 'தனுஷ்கோடி எழுதியதில் இருந்த பிழையை இசைவாணி நீக்கினார்' என்று குறிப்பு வந்தது.

அதைக் கொண்டுபோய் மதுரைக் கம்பெனியில் காட்டினாள். "முக்கியமான வேலையை அவர் செஞ்சிருக்கார். நீங்க ஒரு பிழை நீக்கியிருக்கீங்க. டிகிரி இருக்கா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

பெங்களூரில் அவனோடு வேலை செய்தவர்கள் குறிப்பைப் பார்த்துக் கேலி செய்தார்களாம். ராமுத்தாய் ஆனைக்குட்டத்துக்கு வந்து வாசலோடு நின்றாள். "கட்டிக்கிடுமுன்னயே புருசன் தப்பை ஊருலகத்துக்கு எழுதிப் போட்டவ, கட்டுன பொறவு என்னென்ன செய்ய மாட்டா? சம்பந்தம் வேண்டாம் தம்பி." முனியசாமி, "சரிக்கா" என்றார்.

தனுஷ்கோடிக்கு விருதுநகரில் பெண் எடுத்தார்கள். பெண் வேறு இடத்தில் என்றாலும் தாய்மாமன் சீர் முனியசாமிதானே செய்யவேண்டும்? கல்யாணத்தன்று அவர் மாலையோடு மேடை ஏற, சீர்த்தட்டை இசைவாணி எடுத்துப் போனாள். மாலை போட்டு முடிந்ததும் தனுஷ்கோடி அவள் பக்கம் குனிந்தான்.

"வாணி, அதுல புதுசா ஒரு எரர் வருது. ஆபீசுல என்னையத்தான் கேக்காக. சீக்கிரம் பாத்துச் சொல்லுவியா?"

"குழுவுல எழுதிக் கேளுங்க மச்சான். எல்லாரும் பாக்குற எடத்துல, 'எனக்கு இது தெரியல, எழுதுனவ நீ, சொல்லு'ன்னு கேளுங்க. அன்னைக்கே பதில் போடுதேன்."

போட்டோக்காரர் எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். அவனும் சிரித்தான்.

அவன் குழுவில் கேட்கவில்லை. அந்தப் பிழையால் அச்சகத்தில் தினமும் மாரடித்தது இசைவாணிதான். திருத்தத்தை எழுதி வைத்திருந்தாள். அனுப்பவில்லை.